அப்பா பெயர் இல்லாமல் அப்பாவின் பாட்டு: ஹீராபாய் பரோடேகர்

[திரையில்: சென்னை–செங்கல்பட்டு ரயில் பாதை]

சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையம். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகிறவர்கள் தினமும் கடந்துபோகிற ஸ்டேஷன்தான். 1937 அக்டோபரில், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பாடகர் உடம்பு முடியாமல் இங்கே இறங்கினார். நடைமேடையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து, தர்பாரி ராகத்தில் பிரார்த்தனை பாடி, அப்படியே கண்ணை மூடினார் என்று சொல்வார்கள். அவர்தான் ஹிந்துஸ்தானி இசை மேதை உஸ்தாத் அப்துல் கரீம் கான். ஆனால் நாம் பேசப்போவது அவருடைய மகள் ஹீராபாயைப் பற்றி.

உத்தரப் பிரதேசத்தின் மேற்கு ஓரத்தில் கைரானா என்று ஓர் ஊர். அங்கிருந்து வந்த இசைக் குடும்பங்களின் பாடும் முறைக்குக் கிரானா கரானா என்று பெயர். நாம் அரியக்குடி பாணி, ஜி.என்.பி. பாணி என்கிறோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஒரு வித்தியாசம்: அங்கே வித்தை முதலில் மகனுக்கும் மருமகனுக்கும் போகும். பெண்கள் அந்த வரிசையில் பெரும்பாலும் கிடையாது.

[திரையில்: குடும்ப வரைபடம், பெயர்கள் ஒவ்வொன்றாக]

இந்தக் குடும்பக் கதையைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், சிக்கல் அதிகம். அப்துல் கரீம் கானின் முதல் மனைவி கஃபூரன். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் அப்துல் வஹீத் கான். கிரானாவின் இன்னொரு தூண் அவர். பிறகு பரோடா அரண்மனையில் பாடப் போன இடத்தில், அரச குடும்பத்துக்கு உறவான தாராபாய் மானேயோடு கரீம் கானுக்குக் காதல். இருவரும் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்கள். ஐந்து குழந்தைகள் பிறந்தன. 1920-களின் தொடக்கத்தில் தாராபாய் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கணவரைப் பிரிந்தார். பிள்ளைகளின் பெயர்கள்கூட மாறின. அப்துல் ரஹ்மான் சுரேஷ்பாபு மானே ஆனார், சகீனா சரஸ்வதி ஆனார். 1905-இல் பிறந்த மூத்த மகள் சம்பாகலிதான் ஹீராபாய்.

சரி, அப்பா இல்லாத வீட்டில் அப்பாவின் பாட்டை யார் சொல்லிக்கொடுப்பது? அண்ணன் சுரேஷ்பாபு கொஞ்சம் கொடுத்தார். அதற்கு மேல் ஹீராபாய்க்குப் பாடம் எடுத்தவர் சாட்சாத் அந்த வஹீத் கான். தன் சகோதரியின் இடத்துக்கு வந்த பெண்ணின் மகளுக்கு, அவரே குரு! எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய ஆச்சரியம் இதுதான்.

[ஒலி: தம்புரா மட்டும், சில நொடிகள்]

அப்படி என்னதான் கற்றார்? நம் கச்சேரியில் ஆலாபனை தனி, கீர்த்தனை தனி. ஆலாபனைக்குத் தாளம் இல்லை. ஹிந்துஸ்தானி இசையின் முக்கிய வடிவமான கயாலில் ஒரு சின்ன இரண்டு வரிப் பாட்டை எடுத்துக்கொண்டு, தபலா ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள்தான் ராகத்தை விரிப்பார்கள். கிரானாக்காரர்கள் இதை மிக மிக மெதுவாகச் செய்வார்கள். பன்னிரண்டு மாத்திரை, அதாவது எண்ணிக்கை, கொண்ட ஏக்தாலம் என்ற தாளம் ஒரு சுற்று வர ஒரு நிமிடம்கூட ஆகும். அந்த நேரம் முழுக்க 'ஸ' என்கிற ஸட்ஜத்தைச் சுற்றியே இருப்பார்கள். அடுத்த சுற்றில் 'ரி' என்கிற ரிஷபம் எட்டிப் பார்க்கும். உடனே பிடித்துவிட மாட்டார்கள், தொட்டுவிட்டுத் திரும்புவார்கள். மேல் ஸட்ஜம் வருவதற்குள் கேட்பவருக்குத் தவிப்பே வந்துவிடும். அது வரும்போது சபையில் 'வாஹ்' எழும். ஆக்ரா கரானா மாதிரி தாளத்தோடு மல்லுக்கட்டுவது இங்கே முக்கியம் இல்லை. சுருதி சேர்ந்திருக்கிறதா, அதுதான் பேச்சு. இதில் மெதுவான விரிவு வஹீத் கானுடையது. குரலின் இழைவும் கனிவும் கரீம் கானுடையவை. ஹீராபாயிடம் இரண்டும் இருக்கின்றன.

இடையில் ஒரு சேதி: கரீம் கான் மைசூர் அரண்மனைக்கு அடிக்கடி வந்து போனவர். கர்நாடக இசை மேல் அவருக்கு அலாதிப் பிரியம். கரகரப்பிரியாவில் தியாகராஜ கீர்த்தனையை இசைத்தட்டிலேயே பாடியிருக்கிறார். அவருடைய பாட்டில் ஸ்வரம் பாடுவது நிறைய வருவதற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம் என்பார்கள்.

[திரையில்: பழைய மேடைப் படம், தம்புராவோடு அமர்ந்த பெண்]

ஹீராபாய் பாட வந்த காலத்தில் பெண்கள் பாடுவது பெரும்பாலும் பணக்காரர்களின் தனி சபைகளில். பாவனை, கையசைவு எல்லாம் எதிர்பார்ப்பார்கள். இவர் டிக்கெட் போட்ட பொதுமேடையில், உஸ்தாதுகள் மாதிரியே தம்புராவோடு அசையாமல் உட்கார்ந்து கயால் பாடினார். அப்படிப் பாடிய முதல் பெண்களில் ஒருவர். அண்ணன், தங்கைகளோடு சேர்ந்து மராத்தி இசை நாடகமும் நடத்தினார். தங்கை சரஸ்வதி ரானேயோடு ஜோடிக் கச்சேரிகள் செய்தார். 1970-இல் பத்மபூஷண் வந்தது. 1989-இல் காலமானார்.

கரீம் கானின் நேரடிச் சீடர் சவாய் கந்தர்வா. அவரிடம் பயின்றவர்கள்தான் பீம்சேன் ஜோஷியும் கங்குபாய் ஹங்கலும். பிள்ளைகள் வழியிலோ சுரேஷ்பாபுவிடமும் ஹீராபாயிடமும் கற்றவர் பிரபா அத்ரே.

கேட்டுப் பார்க்க நினைத்தால் ஜிஞ்ஜோட்டி ராகத்தில் அப்பா பாடிய டும்ரி என்ற மெல்லிசை வகைப் பாட்டில் தொடங்குங்கள், மூன்று நிமிடம்தான், பழைய தட்டின் கரகரப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மகளின் நீளமான பதிவு ஒன்று, விளம்பித கயாலாக, அதாவது மெதுவான கயாலாக இருந்தால் நல்லது. மேல் ஸட்ஜத்தை அவர் முதல்முறை எத்தனையாவது நிமிடத்தில் தொடுகிறார் என்று பார்த்து கமென்ட்டில் எழுதுங்கள்.