ஐம்பது தவணையில் ஒரு போர்க் கணக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு அரசாங்கங்கள் சரக்குக்குப் பணம் பேசினால் நாம் முதலில் கேட்பது, "எவ்வளவு தொகை?" என்றுதான். எந்த நாணயத்தில், எந்தக் கெடுவில், என்ன நிபந்தனையோடு என்பதை யாரும் கேட்பதில்லை. அங்கேதான் ஒரு நாடு தப்பிப்பதும் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. 1945-இல் பிரிட்டன் வாஷிங்டனில் நடத்திய பேரத்தைப் பாருங்கள்.

1941 மார்ச்சிலிருந்து கடன்-குத்தகைச் சட்டத்தின்கீழ் அமெரிக்கா தன் நேச நாடுகளுக்கு ஆயுதமும் உணவும் அனுப்பியது. உடனடியாகக் காசு கேட்கவில்லை. ஜப்பான் சரணடைந்த ஒரு வாரத்துக்குள் அமெரிக்க அதிபர் ட்ரூமனின் அரசு அதை நிறுத்திவிட்டது. பிரிட்டனின் கிடங்குகளில் இருந்த மிச்சச் சரக்கு, கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்கு, ஆர்டர் கொடுத்து இன்னும் வந்துசேராதது என எல்லாவற்றுக்கும் திடீரென்று விலை வந்தது.

அந்தக் கணக்கைத் தீர்க்கவும், புதிதாகப் பண உதவி கேட்கவும் பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் செப்டம்பரில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார். முதலில் அடிபட்டவர்கள் நாங்கள், அதனால் பணத்தை மானியமாகவே கொடுங்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. எதிரே கருவூலச் செயலர் வின்சன், வெளியுறவுத் துறையிலிருந்து கிளேட்டன். மூன்று மாதம் இழுத்தது. டிசம்பர் 6-ஆம் தேதி கையெழுத்தானபோது அது கடனாகத்தான் இருந்தது: 375 கோடி டாலர், 2 சதவீத வட்டி, 1951 கடைசியிலிருந்து 50 ஆண்டுத் தவணை.

சரக்குக் கணக்கை மட்டும் பார்த்தால் பிரிட்டனுக்கு அது நல்ல பேரம். போரில் தீர்ந்துபோனவற்றுக்கு அமெரிக்கா பணம் கேட்கவில்லை. மிச்சச் சரக்குக்கு 53.2 கோடி, வழியில் இருந்ததற்கு 11.8 கோடி, ஆக 65 கோடி டாலர். அதையும் அதே வட்டிக்கு, அதே தவணைக்குக் கொடுத்தார்கள். இதைவிடத் தாராளமான தீர்வைக் காண்பது அரிது.

சரி, எங்கே மாட்டிக்கொண்டார்கள்? கடன் நடைமுறைக்கு வந்து ஓராண்டுக்குள், வர்த்தகத்தில் பவுண்டு சம்பாதிப்பவர்கள் அதைத் தடையில்லாமல் டாலராக மாற்றிக்கொள்ள விட வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 1947 ஜூலை 15-ஆம் தேதி கதவைத் திறந்தார்கள். டாலர் வெள்ளமாக வெளியே போனது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி மூட வேண்டியதாயிற்று. பல ஆண்டுகளுக்கு வரும் என்று வாங்கிய கடனில் பெரும்பகுதி அதற்குள் கரைந்திருந்தது. இந்த நிபந்தனைக்கு எதிராகக் கெய்ன்ஸ் இன்னும் கடுமையாக மல்லுக்கட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வட்டி அரை சதவீதம் கூடினாலும் சமாளித்திருக்கலாம். ஒரு வருடக் கெடு சமாளிக்க முடியாதது.

இன்னொரு ஷரத்தையும் சொல்ல வேண்டும். ஏற்றுமதி வருமானம் குறைந்தால் அந்த ஆண்டு வட்டியைத் தள்ளுபடி கேட்கலாம் என்று எழுதியிருந்தார்கள். 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியின்போது எடுத்துப் பார்த்தால், அந்த வாசகத்தை நடைமுறைப்படுத்தவே முடியவில்லை. 1957-இல் திருத்தி, தவணையைத் தள்ளிப்போடும் உரிமையாக மாற்றினார்கள். ஆறு முறை தள்ளிப்போட்டதில் கடைசித் தவணை 2006 டிசம்பருக்குப் போய்விட்டது. அப்போது கட்டியது 8.3 கோடி டாலர் சொச்சம்.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. போர்ச் செலவுக்காக இந்தியா கொடுத்த சரக்குக்கும் சேவைக்கும் ஈடாக லண்டனில் நம் கணக்கில் சுமார் 130 கோடி பவுண்டு சேர்ந்திருந்தது. பிரிட்டன் நமக்குத் தர வேண்டிய அந்தப் பாக்கியைக் குறைத்துக்கொள்வது பற்றியும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அந்த மேசையில் இந்தியா இல்லை! 1948-இல் கோயம்புத்தூர்க்காரரான நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் லண்டன் போய்ப் பேசினார். பாக்கியை வெட்ட விடவில்லை. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே விட்டுப்போன தளவாடங்களுக்கும் கட்டடங்களுக்கும் 10 கோடி பவுண்டு என்று தீர்த்து, நமக்கு வர வேண்டிய பாக்கியிலேயே கழித்துக்கொண்டார்கள். மீதிப் பணம் சிறுகச் சிறுகத்தான் வந்தது; அதில் டாலராக மாற்றிக்கொள்ளக்கூடிய பங்கு மிகக் கொஞ்சம். வெளிநாட்டிலிருந்து தானியம் வாங்க அன்றைக்கு நமக்குத் தேவைப்பட்டது அந்த டாலர்தான்.