பகானில் ஒரு நிலைவிளக்கு

(இரங்கூன் கோயில் மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை மனமுவந்து தந்த அறங்காவலர் பெருமக்களே, உடல்நலம் சரியில்லாதபோதும் மோல்மேனிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, வாராவாரம் நம் பிள்ளைகளுக்கு ஊதியம் எதிர்பாராமல் தமிழ் சொல்லித் தரும் ஆசிரியைகளே, வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்ற தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். விருந்தினர் ஐயா அவர்களை இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிப் பாராட்டாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வகுப்புக்கு முதல் கரும்பலகையை வாங்கித் தந்தவர் அவர். அந்தப் பலகையில் இன்றும் 'அ' எழுதுகிறோம்.

பர்மாவின் பழைய தலைநகரான பகானைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்ல இருக்கிறேன். ஒன்று, அங்குள்ள அருங்காட்சியகம். இரண்டு, பார்க்க வேண்டிய கோயில்கள். மூன்று, பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பார் என் தகப்பனார். இங்கே இரங்கூனில் அனோரதா வீதியில் நாம் நாள்தோறும் நடக்கிறோம். நம் பெரியவர்கள் அதைப் பிரேசர் வீதி என்றார்கள். அந்த அனோரதா 1044இல் பகானில் அரியணை ஏறிய மன்னர் என்பதை எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? அவர் வழிவந்த மன்னர்களும் மக்களும் எழுப்பிய தூபிகளும் கோயில்களுமாக 3,500க்கு மேற்பட்டவை அங்கே உள்ளன. 1975இலும் 2016இலும் பூமி அதிர்ந்து பல சரிந்தன. 2019இல் யுனெஸ்கோ பகானை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அருங்காட்சியகத்தில் முதலில் பார்க்க வேண்டியது மியாசேதி கல்வெட்டுத் தூண். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரணப் படுக்கையில் கிடந்த தந்தை கியான்சித்தா மன்னருக்காக மகன் இராஜகுமாரன் பொன்னால் புத்தர் சிலை செய்து வைத்தான். அந்தச் செய்தியை நான்கு முகங்களில் பாலி, மொன், பியூ, பர்மியம் என நான்கு மொழிகளில் வெட்டினான். பியூ மொழியைப் பேச இன்று உலகில் ஒருவரும் இல்லை. அந்த முகத்தின் முன்னால் நின்றபோது எனக்கு வயிறு கலங்கியது. எழுத்து இருக்கிறது, கல்லும் இருக்கிறது, வாய் இல்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் கிளம்பினோம். இட்லிப் பொட்டலம், தண்ணீர்க் குடம், வாந்திக்கு எலுமிச்சம்பழம் என்று ஒரு கல்யாண வீடே பஸ்ஸில் ஏறியது. விடியற்காலையில் இறங்கி, குளித்து, பழைய மதிலுக்குள் இருக்கும் நாத்லாங் சௌங் கோயிலுக்குப் போனோம். பகானில் இன்றும் நிற்கும் விஷ்ணு கோயில் அதுதான். செங்கல் சுவர், உள்ளே இருட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததும் ஒரு சிறுவன், "தாத்தா, இது நம் பெருமாளா? இங்கே ஏன் ஒருவரும் பூசை செய்யவில்லை?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

வெளியே மரநிழலில் உட்கார்ந்து, நான் எழுதி எடுத்துப்போன தாளை விரித்தேன். பகானுக்குத் தெற்கே மியின்கபா ஊரருகே கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் வாசகம் அது. 13ஆம் நூற்றாண்டுக் கல். மேலே கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சுலோகம், கீழே தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், புக்கமான அரிவத்தனபுரத்து நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபம் கட்டி, திருக்கதவு இட்டு, நின்றெரிய ஒரு நிலைவிளக்கும் வைத்திருக்கிறார். புக்கம் என்பது இதே பகான். விண்ணகர் என்றால் விஷ்ணு கோயில். மகோதயர்பட்டணம் இன்றைய கேரளத்துக் கொடுங்கல்லூர். நானாதேசிகள் பல நாடுகளுக்கும் சென்று வந்த வணிகர் கூட்டத்தார்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நி-லை-வி-ள-க்கு." நிறுத்தினாள். பிறகு "இ-ட்-டேன்." சட்டென்று நிமிர்ந்து, "தாத்தா, இது பாட்டி சொல்வது! 'கோலம் இட்டேன்' என்பாள் பாட்டி!" என்றாள். பிள்ளைகள் எல்லாரும் 'இட்டேன், இட்டேன்' என்று கத்தினார்கள். பூ விற்றுக்கொண்டிருந்த பர்மியக் கிழவி என்னவென்று கேட்டாள். அதே பெண் பர்மிய மொழியில் அவளுக்கு விளக்கினாள்: எங்கள் மொழிக்காரர் ஒருவர் முன்னொரு காலத்தில் இந்த ஊரில் விளக்கு வைத்தாராம். கிழவி ஒரு மல்லிகைச் சரத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள், காசு வாங்கவில்லை.

பெரியோர்களே, அந்தத் தாளைப் படிக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த விளக்கு அவளுக்கு எரிந்தது. அவளோடு வந்த அண்ணனுக்கு, பன்னிரண்டு வயதாகியும், ஒரு எழுத்தும் தெரியாது. தங்கையின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். தீர விசாரிப்பதே மெய் என்கிறோம். எழுத்தறியாத பிள்ளை எப்படி விசாரிக்கும்?

கோயில்களைப் பற்றி விரித்துச் சொல்ல நேரம் இல்லை. ஆனந்தா கோயிலைக் காணாமல் திரும்பாதீர்கள். வெயிலுக்குக் குடை எடுத்துச் செல்லுங்கள். முழங்கால் மறையும்படி உடுத்துங்கள்.

என் கோரிக்கை இதுதான். இந்த மண்டபத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் தமிழ் வகுப்பு நடக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. பர்மிய மொழிப் பள்ளிப்பாடம், ஆங்கிலத் தனிவகுப்பு, இவற்றுக்கு நடுவே நேரமில்லை என்கிறீர்கள். நான் கேட்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அடுத்த பகான் பயணத்துக்கு வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்கே முதலில் இடம். கல்வெட்டு வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஆளுக்கொரு தாள் தருவோம். அச்சுச் செலவை ஏற்பதாக விருந்தினர் ஐயா சற்றுமுன் என் காதில் சொன்னார். அவருக்கு நம் எல்லாரின் சார்பிலும் நன்றி.

பெயர் எழுதும் ஏடு வாசலில் ஆசிரியையிடம் இருக்கிறது. அந்த அண்ணனின் பெயரை அவனுடைய தாயார் இன்று காலையிலேயே எழுதிவிட்டார்.