சுட்டா "டெட்", தப்பினா "லாஸ்ட்": இந்தத் தட்டுக்குப் புறான்னு ஏன் பேரு?

[திரையில்: ஆரஞ்சு நிறத் தட்டு ஒண்ணு ஆகாசத்துல பறந்து தூள் தூளா சிதறுது. ஸ்லோ மோஷன்.]

வணக்கம் மக்களே! இப்ப உடைஞ்சுதே, அந்தத் தட்டு 11 சென்டிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. ஆனா ட்ராப் ஷூட்டிங், அதாவது பறக்கற தட்டைத் துப்பாக்கியால சுடற விளையாட்டு, அந்த மைதானத்துல அதுக்குப் பேரு கிளே பிஜியன், களிமண் புறா. சுட்டு உடைச்சா "டெட்"னு சொல்லுவாங்க, செத்துப்போச்சு. குறி தப்பினா "லாஸ்ட்". இதுல இன்னொரு அதிசயம், அந்தத் தட்டுல களிமண்ணே கிடையாது. சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் (தார் மாதிரிப் பொருள்) சேத்து அச்சுல வாத்தது. களிமண்ணும் இல்ல, புறாவும் இல்ல. அப்ப இந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு?

துப்பாக்கியோட பூர்வகதையை ஒரே மூச்சுல சொல்லிடறேன். சீனாவுல வெடிமருந்து, ஐரோப்பாவுல திரி வச்ச துப்பாக்கி, அப்புறம் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. இங்க மட்டும் கொஞ்சம் நிக்கணும். கல்லு உரசினதும் முதல்ல வெளியில இருக்கற சின்ன கிண்ணத்து மருந்து பளிச்சுன்னு எரியும். அதுக்கப்புறம்தான் உள்ள இருக்கற மருந்து வெடிக்கும். அந்தக் கண நேர வெளிச்சமே பறவைக்குப் போதும், விலகிடும். ஸ்காட்லாந்துல பெல்ஹெல்வின்னு ஒரு ஊரு. அங்க பாதிரியாரா இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சித்துக்குப் பறவை வேட்டைன்னா உயிர். இந்த வெளிச்சத்தை ஒழிச்சே ஆகணும்னு உக்காந்து, தட்டினாலே வெடிக்கற ரசாயனத்தை வச்சு ஒரு விசை செஞ்சு, 1807ல காப்புரிமை வாங்கினார். இன்னைக்குத் தோட்டாவோட அடியில ஊசி குத்தினதும் வெடிக்குதே, அதுக்கு மூலம் இதுதான். அதாவது துப்பாக்கியை மாத்தினதே தப்பிச்ச பறவைங்கதான்!

சரி, புறாவுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டு கடைசி, லண்டனுக்கு மேற்கே ஈலிங். தரையில குழி தோண்டி, உள்ள உயிருள்ள புறாவை விட்டு, மேல ஒரு பழைய தொப்பியைக் கவுத்து வச்சிடுவாங்க. தொப்பியில கயிறு கட்டியிருக்கும். சுடறவர் "புல்!"னு கத்துவார், இழுன்னு அர்த்தம். கயிறை இழுத்தா தொப்பி நகரும், புறா பறக்கும், துப்பாக்கி வெடிக்கும். அங்க இருந்த மதுக்கடைக்கே "ஓல்ட் ஹாட்ஸ்", பழைய தொப்பிகள்னு பேரு. அப்புறம் தொப்பி போய் பெட்டி வந்துச்சு. பெட்டிக்குப் பேரு ட்ராப். இன்னைக்கு இந்த விளையாட்டுக்கே அதான் பேரு.

1900ல பாரிஸ்ல ஒலிம்பிக் நடந்தப்ப உயிருள்ள புறாவைச் சுடற போட்டியே நடந்துச்சு. பெல்ஜியம்காரர் லியோன் த லுண்டன் 21 புறாவைச் சுட்டு ஜெயிச்சார். மொத்தத்துல கிட்டத்தட்ட 300 புறா செத்துச்சு. எனக்கு இதைப் படிச்சப்ப மனசே ஆறல.

அமெரிக்காவுல அதைவிட மோசம். அங்க பாசஞ்சர் பிஜியன்னு ஒரு காட்டுப் புறா, கூட்டம் பறந்தா வானமே இருட்டிடும். 1881ல நியூயார்க்கோட கோனி ஐலண்ட்ல ஒரே போட்டிக்குச் சுமார் 20,000 புறாக்களைப் பிடிச்சுக் கொண்டுவந்தாங்க. ஆனா மாத்து வழி தேடினவங்களும் அதே ஊருங்கள்லதான் இருந்தாங்க. முதல்ல கண்ணாடி உருண்டை வந்துச்சு. ஆடம் போகார்டஸ்னு ஒரு பெரிய துப்பாக்கி வீரர், 1877ல உருண்டையை வீசற பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். சில உருண்டைக்குள்ள என்ன வச்சாங்க தெரியுமா? இறகு! குண்டு பட்டதும் கண்ணாடி நொறுங்கி, இறகு பொலபொலன்னு கொட்டும். பாக்கறவங்களுக்கு நிஜப் பறவை அடிபட்ட மாதிரியே இருக்கும். நான் இந்த இடத்துல அரை நாள் படிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்!

ஆனா மைதானம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு. 1880ல சின்சினாட்டிக்காரர் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி சுட்ட களிமண்ணுல தட்டு செஞ்சார். பசங்க தண்ணி மேல சிப்பி ஓட்டை வீசி விளையாடறதைப் பாத்துதான் அவருக்கு யோசனை வந்துச்சுன்னு சொல்லுவாங்க. நாம ஏரியில ஓட்டாஞ்சில்லு விட்டு எத்தனை குதி குதிக்குதுன்னு எண்ணுவோமே, அதே விளையாட்டு! (உங்க ஊர்ல அதுக்கு என்ன பேருன்னு கமெண்ட்ல போடுங்க, எல்லாத்தையும் படிப்பேன்.) முதல்ல செஞ்ச தட்டுங்க ரொம்ப கெட்டி. குண்டு பட்டா உடையாம மணி மாதிரி கணீர்னு கேக்கும். அப்புறம்தான் களிமண்ணை விட்டுட்டுக் கீலுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் மாறினாங்க. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

இப்ப கேளுங்க. புறாவுக்குப் பதிலா தட்டு பிறந்த அதே சின்சினாட்டி, அங்க இருந்த மிருகக்காட்சி சாலையிலதான் 1914 செப்டம்பர் 1ஆம் தேதி மார்த்தான்னு ஒரு பெட்டைப் புறா செத்துச்சு. உலகத்துலயே கடைசி பாசஞ்சர் பிஜியன் அது. அந்த இனம் அழிஞ்சதுக்குக் கறி வியாபாரமும் காட்டை வெட்டினதும்தான் பெரிய காரணம். ஆனா போட்டிக்காரங்க பங்கும் அதுல இருக்கு. பிரிட்டன் 1921லதான் கூண்டுப் பறவையைச் சுடறதைச் சட்டம் போட்டு நிறுத்துச்சு.

பறக்கற தட்டைச் சுடற இன்னொரு போட்டி ஸ்கீட், அதைப் பத்தி ஒரே வரி: 1920கள்ல மாசசூசெட்ஸ்ல முழு வட்டமா நின்னு சுட ஆரம்பிச்சாங்க, பக்கத்துல கோழிப்பண்ணை வந்ததால பாதி வட்டமாச்சு, இன்னைக்கும் ஒலிம்பிக்ல பாதி வட்டம்தான்!

நம்ம ஊரு ஆளு ஒருத்தரும் இதுல இருக்கார். புதுக்கோட்டை அரச குடும்பத்து பிரித்விராஜ் தொண்டைமான். 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல ட்ராப் அணித் தங்கம் வாங்கின மூணு பேர்ல ஒருத்தர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்லயும் சுட்டார்.

[திரையில்: இறுதிச் சுற்று. தட்டு உடைஞ்சதும் கலர்ப் புகை.]

இதைப் பாருங்க. ஃபைனல்ல தட்டுக்குள்ள கலர்ப் பொடி வைப்பாங்க, கடைசி வரிசையில உக்காந்திருக்கறவங்களுக்கும் குண்டு பட்டது தெரியணுமே. போகார்டஸ் காலத்து இறகு இருந்த இடத்துல இப்பப் பொடி! கயிறு இழுக்க ஆளும் கிடையாது. ஒவ்வொரு வீரர் முன்னாடியும் ஒரு மைக் இருக்கு, குரல் கேட்டதும் தட்டு பறந்துடும். கயிறு போய் எத்தனையோ வருஷமாச்சு, இன்னமும் "புல்!"னுதான் கத்தறாங்க.