சோதோமின் கதவும் நம் வீட்டுக் கதவும்

நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம்.

தன்பால் ஈர்ப்பு பற்றி நம் கிறிஸ்தவ வீடுகளில் பேச்சு வந்தால், முதலில் கையில் எடுப்பது சோதோம் கதையைத்தான். புதுவையில் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவன் என்ற முறையில், அந்தக் கதையை உங்களோடு நிதானமாக ஒருமுறை வாசிக்க ஆசைப்படுகிறேன்.

விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல், 19-ஆம் அதிகாரம். பாவத்துக்காகக் கடவுள் அழித்த சோதோம் என்ற ஊரின் கதை. சாயங்கால நேரம். ஊர் வாசலில் உட்கார்ந்திருந்த லோத்து, வெளியூர்க்காரர் இரண்டு பேரை வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்துப் போகிறார். புளிப்பில்லாத அப்பம் சுட்டு விருந்து வைக்கிறார். அவர்கள் படுப்பதற்குள் ஊர் ஆண்கள் வீட்டை வளைத்துக்கொள்கிறார்கள். இளவட்டங்கள் முதல் கிழவர்கள் வரை எல்லோரும். விருந்தாளிகளை வெளியே அனுப்பச் சொல்லிக் கதவை உடைக்கப் பார்க்கிறார்கள். அடைக்கலம் புகுந்தவர்களைக் கும்பலாகச் சேர்ந்து சீரழிக்கத் துணிந்த கொடுமை இது. இருவர் மனமொத்து வாழும் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நீதித்தலைவர்கள் நூலிலும் அதே 19-ஆம் அதிகாரத்தில் இப்படி ஒரு கதை உண்டு. கிபயா என்ற ஊர். அங்கே கும்பலிடம் தள்ளப்பட்டவள் ஒரு பெண். இரவு முழுக்கச் சீரழிக்கப்பட்டு, விடியும்போது வாசற்படியில் விழுந்து கிடக்கிறாள். அதை வைத்து, ஆணும் பெண்ணும் சேர்வதே பாவம் என்று யாராவது பிரசங்கம் செய்திருக்கிறார்களா?

சோதோமின் குற்றம் எது என்று எசேக்கியேல் 16:49 சொல்கிறது. செருக்கு, வயிறு நிறைந்த வாழ்வு, கவலையில்லாத சுகம். இத்தனை இருந்தும் ஏழை எளியவருக்குக் கை கொடுக்காதது. சரி, அடுத்த வசனம் அருவருப்பானவற்றைச் செய்தார்கள் என்கிறது, யூதாவின் திருமுகம் காமவெறியைக் குறிப்பிடுகிறது. அவற்றையும் மறைக்காமல் வாசிப்போம். ஆனால் இயேசு சோதோமை எப்போது நினைவுபடுத்துகிறார்? தம் சீடர்களை வரவேற்காத ஊர்களைப் பற்றிப் பேசும்போது.

ஆணோடு ஆண் உறவு கொள்வதற்கு லேவியர் நூலில் உள்ள தடையும், அத்தகைய உறவைக் கண்டித்துப் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரமும் இருக்கின்றன. இல்லை என்று நான் சொல்லவில்லை. அவை இன்றைய உறவுகளுக்கு எப்படிப் பொருந்தும் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனமே, பிறரைத் தீர்ப்பிடுகிற உனக்குச் சாக்குப்போக்கு இல்லை என்றுதான் தொடங்குகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை, உடலுறவு ஆண் பெண் திருமணத்துக்குள் மட்டுமே என்று போதிக்கிறது. 1992-இல் வெளியான அதன் மறைக்கல்வி நூல், இந்த ஈர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்றும் 2358-ஆம் பத்தியில் சொல்கிறது. முதல் பாதி நம் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டாவதை எந்தப் பீடத்திலிருந்து கேட்டோம்?

வகுப்பு முடிந்து ஒரு நாள் ஒரு தாய் வந்தார். கையில் வேதாகமம், சோதோம் பக்கத்தில் பேருந்துச் சீட்டு அடையாளமாக வைத்திருந்தது. "சார், பையன் எங்ககிட்ட உண்மையச் சொல்லிட்டான். செபக்கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனோம், உபவாசம் இருக்க வச்சோம். மாறல. அவங்க அப்பா வெளியே போடான்னுட்டார். இப்போ முத்தியால்பேட்டையில ஒரு ரூம்ல இருக்கான். சாப்பிட்டானான்னு கூடத் தெரியல." அவர் விளக்கம் கேட்டு வரவில்லை. மகனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் பாவமாகுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். ஒரு தாயை இப்படிக் கேட்க வைத்துவிட்டோமே என்று எனக்கு நெஞ்சு பதறிப்போனது. "பாவமில்லைம்மா, இன்றைக்கே போங்க" என்றேன்.

அப்புறம், 'குணப்படுத்துகிறோம்' என்று சிகிச்சைக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை விதித்தது. புதுவையும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதியே, வயது வந்த இருவர் மனமொத்த உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேட்டுக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களே, பிள்ளை சொன்னால் முதலில் கேளுங்கள். பதில் உடனே சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வழக்கம்போல அழைத்து வாருங்கள், உங்கள் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். ஊரார் ஏதாவது கேட்டால், "எங்க வீட்டுப் பிள்ளை" என்று சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.