பாலில்லாமல் பிள்ளை வளருமா?

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளைப் பாலும் பாலுணவும் கொடுக்காமல் வளர்க்க முடியுமா, அது உடலுக்கு நல்லதா என்பது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். தாய்ப்பாலைப் பற்றி இங்கே விவாதம் இல்லை. முதல் ஆறு மாதங்களுக்கு அது மட்டும், பின்னர் ஏனைய உணவுகளோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான் பேசப்போவது ஒரு வயது கடந்த பிள்ளைக்குக் கொடுக்கும் பசுப்பால், பால்மா, தயிர் ஆகியவற்றைப் பற்றித்தான்.

பால் இல்லாமலும் பிள்ளை நன்றாக வளரலாம் என்பதே என் கருத்து. ஆனால் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. முல்லைத்தீவுக் கரையில் நெத்தலியும் சூடையும் அடிக்கடி கறியாகும் வீடு, இரணைமடுக் குளத்து மீனும் முட்டையும் புழங்கும் வீடு, மச்சமே சேராத சைவ வீடு ஆகிய மூன்றுக்கும் ஒரே விடையைச் சொல்வது பொறுப்பான பேச்சாகாது.

முதலில் கல்சியத்தைப் பார்ப்போம். 200 மில்லிலீற்றர் பசுப்பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. 100 கிராம் குரக்கன் மாவில் 340 மில்லிகிராமளவில் இருந்தாலும், தானியத்திலுள்ள பைற்றேற்று என்னும் பொருள் அதில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சவிடாமல் தடுப்பதால், கணக்கில் உள்ளது முழுவதும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. குரக்கனை ஊறவைத்து முளைகட்டி மாவாக்கினால் இந்தத் தடை குறையும். முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, முருங்கையிலை வறை, எள்ளுருண்டை ஆகியவையும் கல்சியம் தருபவை. இவற்றில் எதுவும் கடையில் தேடித் திரிய வேண்டிய பொருளல்ல. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நமக்கு இது சிறிய செய்தியல்ல.

ஆனால் பி12 என்னும் உயிர்ச்சத்தை நம்பகமாகத் தருவது மீன், இறைச்சி, முட்டை, பால் போன்ற விலங்குணவுகளே. கீரையும் பருப்பும் எவ்வளவு சாப்பிட்டாலும் அந்த இடத்தை நிரப்பா. அது குறைந்தால் இரத்தசோகை வரும். நரம்புகளும், வளரும் மூளையும் பாதிக்கப்படும். முட்டையும் சேராத சைவ வீட்டில் பாலும் தயிருமே அந்தச் சத்தின் ஒரே வாசல். அந்த வீட்டில் பாலை நிறுத்துவதென்றால் பி12 மருந்தாகவோ சத்தூட்டப்பட்ட உணவாகவோ கட்டாயம் கொடுக்கவேண்டும். இந்த ஒரு விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க ஆயத்தமில்லை.

பாலை நிறுத்துவதற்குப் பெற்றோர் சொல்லும் காரணங்களில் இரண்டு ஒன்றோடொன்று குழம்பிப் போகின்றன. ஒன்று, பாலிலுள்ள இலக்ரோஸ் என்னும் சர்க்கரை செரிக்காமை. நம் பகுதி மக்களில் வளர்ந்தவர்களுக்கு இது சாதாரணமானது. சிறு பிள்ளைகளிலோ பெரும்பாலும் கடும் வயிற்றோட்டத்துக்குப் பின் தற்காலிகமாக வந்து சில வாரங்களில் தணிந்துவிடும். இத்தகைய பிள்ளைகளில் பலர் தயிரைத் தாங்கிக்கொள்வார்கள், ஏனெனில் புளிக்கும்போது இந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி சிதைந்துவிடுகிறது. மற்றது, பாற்புரதத்துக்கான ஒவ்வாமை. அதற்குத் தயிரும் உதவாது, ஆட்டுப்பாலும் உதவாது. பசுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஆட்டுப்பால் நல்லதென்ற நம்பிக்கை ஊரில் வலுவாக இருக்கிறது. இரண்டின் புரதங்களும் மிக நெருங்கியவை என்பதால் ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு அது ஆபத்தாகலாம். தேங்காய்ப்பாலும் மாற்றாகாது: அதில் கொழுப்பு இருக்கிறது, புரதமும் கல்சியமும் மிகச் சொற்பம்.

மறுபுறம், பால் அளவுக்கு மிஞ்சினாலும் கெடுதல்தான். பசுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் குடித்து வயிறு நிறையும் சிறு பிள்ளை சோறும் மீனும் வேண்டாமென்று ஒதுக்குவதால் இரத்தசோகை வருவதை மருத்துவர்கள் நன்கறிவார்கள். இரண்டு கரண்டி பால்மா கலந்த தேத்தண்ணியைப் பால் கொடுத்ததாகக் கணக்கிடும் வீடுகளும் உண்டு. அதிலுள்ள பால் சிறிதளவே. தேயிலையோ உணவிலுள்ள இரும்பை உடல் எடுப்பதைக் குறைக்கிறது. பிள்ளைக்குத் தேத்தண்ணி எதற்கு என்பதே எனக்கு விளங்காத ஒன்று.

பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லையோ என்ற சந்தேகம் இருந்தால், மருத்துவரின் ஆலோசனையோடு இரண்டு முதல் நான்கு வாரங்கள் பாலை நிறுத்திப் பார்த்து, பின்னர் மீண்டும் கொடுத்து வேறுபாட்டைக் கவனிக்கலாம். வேறுபாடு இல்லையென்றால் தொடர்ந்து தவிர்க்கக் காரணமில்லை. முன்பு பால் குடித்து உதடு வீங்கிய, மூச்சுத் திணறிய பிள்ளைக்கு இந்தச் சோதனையை வீட்டில் செய்யக்கூடாது. வைத்தியசாலையில் மட்டுமே செய்யவேண்டும். பால் நிறுத்தப்பட்ட பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும்போது மருத்துவமாதிடம் அதைச் சொல்லி, நிறையையும் உயரத்தையும் வளர்ச்சி அட்டையில் தவறாமல் பதிந்து பாருங்கள். கோடு தட்டையானாலோ கீழே இறங்கினாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.