அரசர் தோட்டமும் நம் பின்கட்டும்

(காரைக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, இளையோர்களே, வணக்கம்.

பெங்களூருக்குப் போனவர்கள் லால்பாக் என்ற பெரிய தோட்டத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் நடக்கும் மலர்க் கண்காட்சியில் இங்கிருப்பவர்களும் வரிசையில் நின்றிருப்பீர்கள். 1760-இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி தமக்கென்று 40 ஏக்கரில் போடத் தொடங்கிய தோட்டம் அது. அவர் மகன் திப்பு சுல்தான் கடல் கடந்த நாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் தருவித்து அதை வளர்த்தார். 1799-இல் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அரசு போயிற்று, தோட்டம் நிலைத்தது.

தோட்டக்காரர்களை முதலில் சொல்லவேண்டும். திகளர் என்ற தோட்டத் தொழிலாளர்களை ஹைதர் வரவழைத்ததாகச் சொல்வார்கள். தமிழ் மண்ணிலிருந்து போனவர்கள் அவர்கள். பெங்களூர்க் கரகத் திருவிழாவை இன்றும் நடத்துகிறவர்கள் அவர்கள்தாம். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

1856-இல் அது அரசுத் தாவரவியல் பூங்கா ஆனது. 1889-இல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நட்டார்கள். 1908-இல் ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநரான கிரும்பிகல் பொறுப்பேற்று வந்தார். முந்தையவர் நட்டதைப் பின்னால் வந்தவர்கள் வெட்டிப் போடவில்லை, மேலும் நட்டார்கள். 40 ஏக்கர் இன்று ஏறத்தாழ 240 ஏக்கர். அங்குள்ள பெரிய இலவமரத்தின் அடியில் ஒருமுறை நின்று பாருங்கள். வேர்கள் ஆளுயரச் சுவர்களாக எழுந்து அடிமரத்தைத் தாங்குகின்றன. இரண்டு வேர்களுக்கு நடுவே ஒரு குடும்பமே உட்காரும் அளவுக்கு இடம். அரசர் தமக்கென்று போட்ட தோட்டத்துக்குள் இன்று யாரும் போய் அந்த மரத்தைப் பார்க்கலாம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பொதுவில் வைப்பது நமக்குப் புதிதல்ல. செம்பராங்கல் படிக்கட்டோடு ஊருணி வெட்டி ஊருக்கு விட்டவர்கள் நம் பெரியவர்கள். கோயிலுக்கு நந்தவனம் வைத்தவர்களும் அவர்களே. நம் ஊர் வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. 1948-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அந்தப் பெரியவர்களின் பரம்பரையில் வந்தவர்களின் வீடுகளில், பின்கட்டுக்கு அப்பால் மதில் சூழ்ந்த தோட்டங்கள் பூட்டிக் கிடக்கின்றன. உள்ளே மாவும் நெல்லியும் காய்த்து உதிர்கின்றன. வெளியே பிள்ளைகள் தார்ச் சாலையில் பந்து விளையாடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

வீட்டைக் கேட்கவில்லை. வளவு என்னும் நடுமுற்றமும் பட்டாலை என்னும் கூடமும் பங்காளிகளுக்கே இருக்கட்டும். தோட்டத்துக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு வைத்து, மாலை நான்கு மணியிலிருந்து விளக்கேற்றும் நேரம் வரை திறந்துவிடுங்கள். மதில் யாருடையது, மரம் யாருடையது என்பதில் எந்த மாற்றமும் வேண்டாம்.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பங்காளிகள் முன்னோருக்குப் படைக்கும் அடுத்த படைப்புக்கு ஒன்றுகூடும்போது இதைப் பேசி முடிவெடுங்கள். முதலில் ஒரு தோட்டக்காரருக்கு ஆண்டு முழுவதற்குமான சம்பளத்தைப் பொதுப் பணத்தில் ஒதுக்குங்கள். கதவு, பெஞ்சு, பெயர்ப் பலகையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.