ஃபாஸ்டரை வாழவைத்தது குரலே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"ஸ்டீபன் ஃபாஸ்டரின் பாடல்கள் இன்றும் வாழ்வது எழுதிய பேனாவாலா, பாடிப் பதிந்த குரலாலா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, பேனாவின் பக்கம் நின்று அருமையாகப் பேசினார். 200 பாட்டுக்கு மேல் எழுதியவர், பாட்டெழுதியே பிழைக்க முடியும் என்று அமெரிக்காவில் முதலில் துணிந்தவர்களில் ஒருவர் என்றெல்லாம் அடுக்கினார். கடைசியில், "பாட்டே இல்லாவிட்டால் நீங்கள் எதைப் பாடுவீர்கள்?" என்று ஒரு கேள்வியையும் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நல்ல கேள்வி. பதில் சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பேனா தன் எஜமானனுக்கு என்ன சம்பாதித்துக் கொடுத்தது என்று பார்த்துவிடுவோம்.

1826 ஜூலை 4, பிட்ஸ்பர்க் அருகே லாரன்ஸ்வில்லில் பிறந்தவர் ஃபாஸ்டர். அமெரிக்கா விடுதலை அடைந்து சரியாக ஐம்பதாவது ஆண்டு நாள். இருபது வயதில் சின்சினாட்டி போய், அண்ணனின் நீராவிப் படகு நிறுவனத்தில் கணக்கெழுதினார். அப்போது வந்ததுதான் 'ஓ சுசானா'. 1847 செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில் ஒரு ஐஸ்கிரீம் கடை மேடையில் அரங்கேறியது. அப்புறம் ஆளாளுக்கு அதைத் தங்கள் பாட்டு என்று பதிவு செய்து அச்சடித்தார்கள். மூன்றே ஆண்டில் குறைந்தது 21 தடவை! எழுதியவர் கையில் கிடைத்தது 100 டாலர். கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று 1849இல் கிளம்பிய கூட்டம் வழியெல்லாம் பாடியது அந்தப் பாட்டைத்தான். அவர்களில் எத்தனை பேர் கையில் இசைத்தாள் இருந்திருக்கும்? வாயிலிருந்து வாய்க்குத்தான் போயிற்று.

பிறகு ஒரு பதிப்பகம், விற்கும் இசைத்தாள் ஒவ்வொன்றுக்கும் 2 சென்ட் ராயல்டி என்று ஒப்பந்தம் போட்டது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1851இல் 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' வந்தபோது, இசைத்தாளின் அட்டையில் ஆசிரியர் என்று இருந்த பெயர் யாருடையது தெரியுமா? இ.பி. கிறிஸ்டி. நாடகக் குழு முதலாளி. சில டாலர்களுக்கு அந்தப் பெருமையை ஃபாஸ்டர் விற்றிருந்தார். மறுவருடம், என் பெயரையே போட்டுக்கொள்கிறேன் என்று கடிதம் எழுதிக் கேட்டும் பார்த்தார். நடக்கவில்லை. 1857இல், எழுதிய பாட்டுகளுக்கு இனிமேல் வரக்கூடிய ராயல்டி மொத்தத்தையும் ஏறக்குறைய 1,900 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1864 ஜனவரி 13, நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் இறந்தார். வயது 37. பர்ஸில் இருந்தது 38 சென்ட். கூடவே ஒரு காகிதத் துண்டு. அதில் "அன்பு நண்பர்களே, மென்மையான நெஞ்சங்களே" என்ற பொருளில் ஒரே ஒரு வரி.

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கம் நிற்கிறேன். எழுத்து அவரைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியவர்கள் பின்னால் வந்தார்கள்.

குரலைப் பதிந்து திரும்ப ஒலிக்கச் செய்யும் ஃபோனோகிராஃபை எடிசன் செய்தது 1877இல். ஃபாஸ்டர் இறந்து 13 வருடம் கழித்து. ஆகவே அவர் குரலில் ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. இன்று ஒலிவடிவில் நமக்குக் கிடைக்கிற ஃபாஸ்டர் முழுக்க முழுக்க மற்றவர்கள் பாடிய ஃபாஸ்டர்.

எதிரணியினர் பேசத் தயங்கும் இடத்துக்கு வருகிறேன். ஃபாஸ்டரின் புகழ்பெற்ற பாடல்கள் பல மின்ஸ்ட்ரல் மேடைக்காக எழுதப்பட்டவை. வெள்ளைக்காரர்கள் எரித்த தக்கைக் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைப் போல வேஷம் கட்டி, அவர்கள் பேச்சைக் கொச்சைப்படுத்திப் பாடி ஆடிய கேளிக்கை அது. நம் குழந்தைகளுக்குப் பள்ளியில் சொல்லித் தருகிற 'ஓ சுசானா'வின் அசல் இரண்டாவது சரணத்தில், கறுப்பின மக்கள் நூற்றுக்கணக்கில் சாவது வேடிக்கையாக எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதியதும் இதே பேனாதான், அம்மா.

ஃபிரெடரிக் டக்ளஸைத் துணைக்கு அழைத்தீர்கள். அடிமையாகப் பிறந்து விடுதலைக்காகப் போராடிய அந்தப் பெரியவர், 'மை ஓல்ட் கென்டக்கி ஹோம்' போன்ற பாட்டுகள் அடிமைகள் மீது இரக்கத்தை எழுப்புகின்றன என்று 1855இல் சொன்னது உண்மை. ஆனால் அவர் சொன்னது பாட்டு கேட்பவர் மனசில் செய்யும் வேலையை. அந்த வேலை நடக்க ஒருவர் வாய் திறந்து பாட வேண்டும்.

இனி பாடியவர்கள் பக்கம் வருவோம், நடுவர் அவர்களே.

'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' பாட்டில் வருகிற சுவானி நதியை ஃபாஸ்டர் பார்த்ததே இல்லை. முதலில் பீடீ என்ற வேறொரு நதியின் பெயரை எழுதியிருந்தார். காதுக்கு இதமாக இல்லை என்று, அண்ணனோடு உட்கார்ந்து வரைபடத்தில் தேடி, சுவானியைப் பிடித்து, மெட்டுக்கு ஏற்றபடி ஓர் அசையைக் குறைத்துப் போட்டுக்கொண்டார். கைதேர்ந்த வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவருக்கு அது ஒரு பெயர். ஊரைப் பிரிந்த அடிமை ஒருவன் பழைய தோட்டத்துக்கே திரும்ப ஏங்குவதாக ஒரு வெள்ளைக்காரரின் கற்பனை.

1957இல் அதே பாட்டை ரே சார்ல்ஸ் எடுத்தார். கண் பார்வை இழந்த கறுப்பினக் கலைஞர். அவர் வளர்ந்த ஊர் எது? ஃபுளோரிடாவில், மாடிசன் கவுண்டியில் உள்ள கிரீன்வில். அந்தக் கவுண்டியின் கிழக்கு எல்லையாக ஓடுவது எந்த நதி? அதே சுவானி! வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தவர் எழுதிய வரியை, அந்த நதிக்கரை மாவட்டத்துப் பிள்ளை பாடுகிறார். எப்படிப் பாடுகிறார்? அழுது வடியும் மெட்டை ரிதம் அண்ட் ப்ளூஸ் துள்ளலாக்கி, தன் இனத்தை இழிவாக அழைத்த சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னணிக் குரல்கள் பதில் சொல்லச் சொல்ல, தேவாலயத்தில் ஊழியக்காரரும் சபையும் கேள்வி பதிலாய்ப் பாடுகிற மாதிரி. பாட்டில் இருக்கிற நதி இப்போது அவருடையது. எந்த அட்டையில் யார் பெயர் இருந்தால் என்ன?

அவருக்கு இருபது வருடம் முன்பே, 1937இல், லூயி ஆம்ஸ்ட்ராங்கும் மில்ஸ் பிரதர்ஸும் சேர்ந்து இதைப் பதிந்தார்கள். பால் ராப்சனும் பாடியிருக்கிறார். கரி பூசிய முகங்கள் யாரைப் போல நடித்தனவோ, அவர்களே வந்து மைக் முன் நின்றபோது இந்தப் பாட்டுக்கு வேறொரு அர்த்தம் வந்தது. தாளில் இருக்கும் எழுத்தால் அந்த மாற்றத்தைத் தானாகச் செய்துகொள்ள முடியுமா?

"அப்படியே இருப்பதுதான் எழுத்தின் பெருமை" என்றீர்கள். கென்டக்கியைப் பாருங்கள். 'மை ஓல்ட் கென்டக்கி ஹோம்' 1928இலிருந்து அந்த மாநிலத்தின் பாட்டு. 1986இல் ஜப்பானிலிருந்து வந்த மாணவர்கள் மாநிலச் சட்டமன்றத்தில் அதை அசல் வரிகளோடு பாடினார்கள். யாரையும் புண்படுத்த அல்ல, தாளில் இருந்ததை நம்பிப் பாடினார்கள். அந்த இழிசொல்லும் சேர்ந்து ஒலித்தது. கறுப்பின உறுப்பினரான கார்ல் ஹைன்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தச் சொல் போய், 'மக்கள்' என்ற சொல் வந்தது. அந்தத் திருத்தம் நடந்ததால்தான் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் அத்தனை பேர் எழுந்து நின்று அதைப் பாட முடிகிறது.

இன்னொரு பாட்டைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 'ஹார்ட் டைம்ஸ் கம் அகெய்ன் நோ மோர்', 1854. மின்ஸ்ட்ரல் கொச்சை இதில் இல்லை. கஷ்டகாலமே, என் குடிசை வாசலில் ரொம்ப நாள் சுற்றிவிட்டாய், இனி வராதே என்பதுதான் பல்லவி. 1905இல் எடிசன் நிறுவனத்து மெழுகு உருளையில் பதிவானது. 1992இல் பாப் டிலன் தன் கரகரத்த குரலில் தனியாக கிட்டார் வைத்துப் பாடினார்.

2004இல் ஃபாஸ்டர் பாடல்களை மட்டும் வைத்து ஒரு தொகுப்பு வந்து கிராமி விருது வாங்கியது. அதில் இந்தப் பாட்டு, பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸுக்கு. அவருடைய அப்பா பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்தவர். குடும்பமே சிவில் உரிமைப் போராட்ட மேடைகளில் பாடியது. அந்த அம்மா அடித்தொண்டையிலிருந்து பல்லவியை எடுக்கும்போது, அந்த வாசலில் நின்ற கஷ்டகாலம் எது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்க நிவாரணத்துக்காகத் தொலைக்காட்சியில் நிதி திரட்டியபோது மேரி ஜே. ப்ளைஜ் தேர்ந்தெடுத்துப் பாடியதும் இதையே. 38 சென்ட்டோடு செத்துப்போன மனிதரின் பாட்டு, வீடிழந்த ஒரு நாட்டுக்குப் பணம் திரட்டியது!

ஜீனியை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 1941இல் பாடலாசிரியர் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் கட்டணத் தகராறு. சங்கத்துப் பாட்டுகள் பல மாதம் ஒலிபரப்பாகவில்லை. அப்போது உரிமைக் கட்டணம் இல்லாத ஃபாஸ்டரின் 'ஜீனி வித் த லைட் பிரவுன் ஹேர்' ஓயாமல் ஒலித்தது. எதிரணி இதைத் தங்கள் கணக்கில் எழுதப் பார்த்தது. வானொலியில் தாள் ஒலிக்காது, நண்பர்களே.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பாட்டில்லாமல் எதைப் பாடுவது? எழுதியவர் தேவைதான். ஆனால் தலைப்பு யார் பெற்றது என்பதல்ல, யார் வாழவைத்தது என்பது. எதை விட வேண்டும், எதை உயர்த்த வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பாடகர்கள். எதிரணித் தலைவர் அடுத்து வருகிறார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேனா எழுதியதே போதும் என்றால், 'ஓ சுசானா'வின் அந்த இரண்டாவது சரணத்தை, அச்சில் இருப்பதுபோல் ஒரு சொல் விடாமல், குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும் இந்த மேடையில் பாடிக் காட்டட்டும். பாடிவிட்டால் நடுவர் தீர்ப்பை அவர்களுக்கே தரட்டும்.

நன்றி, வணக்கம்.